ஃபைபர் படகில் மெல்லக் கசியும் தண்ணீர்: அறிகுறியை வைத்துக் கசிவைப் பிடிக்கும் வழி

காசிமேட்டிலோ பட்டினப்பாக்கத்திலோ கோவளத்திலோ விடிகாலையில் நின்று பார்த்தால் தெரியும். ஃபைபர் படகு வைத்திருப்பவர்களில் பலருக்கு அன்றைய முதல் வேலை தண்ணீர் இறைப்பதுதான். நாலைந்து வாளி இறைத்துவிட்டு, “இது எப்போதும் இருப்பதுதான்” என்று கிளம்பிவிடுகிறார்கள். அந்த நாலைந்து வாளியை நான் ஏற்க மாட்டேன். உள்ளே தேங்கும் தண்ணீரை வாளியால் இறைத்துவிடலாம். படகை மிதக்க வைக்கும் மூடிய மிதவை அறைக்குள்ளும் ஃபைபருக்குள் பொதிந்த மரத்துக்குள்ளும் இறங்கும் தண்ணீரை எந்த வாளியும் எட்டாது. கரையோரம் அலை உடையும் அலைவாயில் ஒரு நாள் படகு நிரம்பிவிடும்போது, அப்போதும் மிதந்து ஆளைக் காப்பாற்ற வேண்டிய படகு மிதக்காமல் போவது இதனால்தான்.

கசிவு என்றதும் ரெசினும் மேட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) வாங்கி வந்து, தண்ணீர் தெரிகிற இடத்தில் உள்பக்கமாக ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அது பலிப்பதில்லை. தண்ணீர் நுழைவது ஓர் இடம், தலைகாட்டுவது வேறோர் இடம். நடுவில் அது குறுக்குச் சட்டங்களின் அடியில் பல அடி தூரம் ஓடி வருகிறது. எனவே ரெசின் டப்பாவைத் திறப்பதற்கு முன் கசிவு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். கீழே உள்ளவை 24 முதல் 32 அடி வரையுள்ள, அவுட்போர்டு மோட்டாரோ நீண்ட தண்டுள்ள டீசல் எஞ்சினோ மாட்டிய படகுகளுக்கானவை. உல்லாசப் படகுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எந்தத் தண்ணீர்? நாக்கில் வைத்துப் பார்ப்பது பழைய வழி. துறைமுகத்துக்குள்ளும், கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு ஆகியவற்றின் முகத்துவாரங்களிலும் கட்டிய படகில் அதைச் செய்யாதீர்கள். கேன் தண்ணீரைச் சோதிக்க வீட்டில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் போதும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. வீட்டு மீட்டரின் அளவையே அது தாண்டிவிடும். மழைநீரும் ஐஸ் உருகிய நீரும், படகில் ஒட்டிக் காய்ந்த உப்பைக் கரைத்துக்கொண்டாலும்கூட, சில நூறு அல்லது சில ஆயிரம் என்று ஓர் எண்ணைக் காட்டும். முகத்துவாரத்தில் கட்டியிருந்தால் படகுக்கு வெளியே உள்ள நீரையும் அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

எப்போது ஏறுகிறது? கரையில் நிற்கும்போதா, கட்டிப் போட்டிருக்கும்போதா, ஓடும்போதா, சுமை ஏறிய பிறகா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள தலைப்புகளும் அந்தப் பதிலை வைத்தே பிரிக்கப்பட்டிருக்கின்றன.

எவ்வளவு வேகமாக? படகைத் துணியால் துடைத்துக் காயவைத்து, மிகத் தாழ்ந்த இடத்தில் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, மணிக்கொரு முறை அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நீர்மட்டத்துக்கு ஓர் அடி கீழே இருக்கும் 1 மி.மீ. துளை மணிக்கு ஏறத்தாழ 4 லிட்டர் விடும். இரவு முழுவதும் சேர்த்தால் அதுதான் அந்த நாலைந்து வாளி. 3 மி.மீ. துளை என்றால் மணிக்கு 35 லிட்டருக்கு மேல் வரும். தேடுவது ஊசிமுனை அளவுள்ள துளையை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், வெறும் கண்ணால் தேடி நேரத்தை வீணாக்க மாட்டீர்கள்.

அறிகுறி: கரையில் ஏற்றி வைத்த படகிலும் தண்ணீர் சேர்கிறது

மீட்டர் குறைந்த எண்ணைக் காட்டினால் அது மழை, அல்லது ஐஸ் பெட்டி. 28 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள திறந்த படகில் 5 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 600 லிட்டர் சேரும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் இது ஒரே இரவில் வந்துவிடும். கரையில் நிற்கும் படகின் வடிகால் துளையை அடைக்கும் தக்கையைக் கழற்றி, அணியத்தை (படகின் முன்முனையை) ஒரு கை உயரம் தூக்கி வையுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

மழையும் இல்லை, ஐஸும் இல்லை, மீட்டரோ உப்பைக் காட்டுகிறது என்றால் விஷயம் வேறு. தண்ணீர் மிதவை அறையிலிருந்து உள்ளே வடிகிறது. ‘உள்ளே தண்ணீரே இல்லை, ஆனால் படகு கனக்கிறது’ என்ற பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: கட்டிப் போட்டிருக்கும்போதே உப்புத்தண்ணீர் மெல்ல ஏறுகிறது

அதிகம் வருவதும் அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். மலிவானதிலிருந்து பாருங்கள்.

தக்கை. வடிகால் துளையின் ரப்பர் வாஷரில் ஒரு மணல் துகள் சிக்கினாலே போதும், இரவு முழுக்க ஒழுகும். கழற்றி, துளையின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வாஷர் கெட்டிப்பட்டுப் பளபளப்பாக இருந்தால் மாற்றுங்கள். மரத்தக்கை என்றால் சுற்றிய துணியைப் புதிதாகச் சுற்றுங்கள். தக்கை சரியாக இருந்தும் அதன் பித்தளை வளையத்தைச் சுற்றி ஈரம் கசிந்தால், வளையத்துக்கும் ஃபைபருக்கும் இடையில் பூசிய பசை விட்டுவிட்டது. வளையத்தைக் கழற்றி, துளையின் வெட்டுவாயைக் காயவைத்து, எபாக்சி (இரண்டு பாகங்களைக் கலந்து இறுகவைக்கும் ரெசின்) பூசி மூடிய பிறகே கடலுக்கு ஏற்ற சீலன்ட் வைத்துத் திரும்பப் பொருத்த வேண்டும். அந்த வெட்டுவாய் திறந்தபடி இருந்தால் இரண்டு ஃபைபர் படலங்களுக்கு நடுவில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும்.

பம்ப் வைத்த படகு என்றால் அதன் வெளியேற்றும் குழாய். குழாயின் வாய் நீர்மட்டத்தை ஒட்டியிருந்தால், பம்ப் நின்றதும் தண்ணீர் அதே வழியாகத் திரும்ப உள்ளே வரும். குழாயை விளிம்புவரை தூக்கி வளைத்துக் கட்டிப் பாருங்கள். கசிவு நின்றால் அதுதான் காரணம்.

அடுத்து, நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள போல்ட்டும் ஆணியும். சோனார் கருவிக்காக அடித்த திருகு, முன்பு யாரோ மாட்டிக் கழற்றிய பட்டையின் பழைய துளை, கரைக்கு இழுப்பதற்காக அணியத்தில் போட்ட வளையத்தின் போல்ட். கடைசியாகச் சொன்னதை மறந்துவிடாதீர்கள். டிராக்டர் கட்டி இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த போல்ட் அதன் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்துகிறது.

கடைசியில் ஏரா, அதாவது படகின் அடித்தண்டு. அது மணலில் தேய்ந்து தேய்ந்து, முதலில் ஜெல்கோட் என்னும் வெளிப்பூச்சு போகும். பிறகு மேட் தெரியும். பிறகு உள்ளே உள்ள மரம் தெரியும். அணியத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்திலும், பின்பக்கம் முதலில் மணலைத் தொடும் இடத்திலும் தேய்மானம் கூடுதல். நீரிலேயே கட்டி வைக்கும் படகுகளில் கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டும். அதை உளியால் பெயர்த்தால் ஜெல்கோட்டும் சேர்ந்து வரும். மரக்கரண்டியோ பிளாஸ்டிக் தகடோ பயன்படுத்துங்கள்.

நீரில் இருக்கும்போதே செய்யும் சோதனைகள்: வலை, எரிபொருள் கேன், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் அணியத்துக்கு நகர்த்துங்கள். பின்பக்கம் எழும்பும். ஒரு மணி நேரத்தில் சேரும் தண்ணீர் முன்பைவிடக் குறைந்தால் துளை பின்பாதியில் இருக்கிறது. கூடினால் முன்பாதியில். இதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம். அப்படியும் பலர் இதைச் செய்வதே இல்லை. அடுத்து, அடிப்பகுதியைத் துடைத்துவிட்டு, பழைய லுங்கித் துணியைக் கயிறுபோல் முறுக்கி, களிமண் தடவி, அடித்தளத்தின் குறுக்கே மூன்று நான்கு இடங்களில் சிறு வரப்புகளாகப் போடுங்கள். ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு தினத்தாளை விரித்து வையுங்கள். எந்தத் தாள் முதலில் நனைகிறதோ அந்தப் பாத்தியில்தான் தண்ணீர் தலைகாட்டுகிறது. அது நுழையும் இடத்தை இன்னும் பிடிக்கவில்லை. ஆனாலும் தேட வேண்டிய பரப்பு சுருங்கிவிட்டது.

கரையில் செய்யும் சோதனை: இதை நான் மற்ற எல்லாவற்றையும்விட நம்புகிறேன். தண்ணீரை உள்ளே ஊற்றி, அது வெளியே எங்கே வருகிறது என்று பார்ப்பது. படகைக் கரையேற்றி, ஏராவுக்கு அடியில் கையை நுழைத்துப் பார்க்கும் உயரத்துக்கு மணல் மூட்டைகளின் மேலும் பழைய டயர்களின் மேலும் வையுங்கள். தாங்கல் சட்டங்களுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவிடுங்கள். காய்ந்ததும் சந்தேகமான பரப்பின் மீது கோலமாவைத் துணியில் கட்டித் தட்டிப் பூசுங்கள். உள்ளே ஒரு சாண் ஆழத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். கடலில் படகை வெளிநீர் தாங்குகிறது. கரையில் அந்தத் தாங்கல் இல்லை. ஆழம் கூடினால் நீங்களே புதிய விரிசலை உண்டாக்கிவிடுவீர்கள். ஊற்றும் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள்.

பிறகு காத்திருங்கள். தக்கையோ போல்ட்டோ என்றால் சில நிமிடங்களில் சொட்டும். மயிரிழை விரிசல் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். வெள்ளை மாவில் முதலில் ஒரு சாம்பல் நிறப் புள்ளி தோன்றும். அது மெல்ல நீளும். பிறகு அதன் கீழ்முனையில் நீலம் திரண்டு ஒரு துளியாகத் தொங்கும். பென்சிலால் சுற்றிக் குறிக்க வேண்டியது துளி தொங்கும் கீழ்முனையை அல்ல, சாம்பல் கோட்டின் மேல்முனையை. நடுச்சட்டத்துக்கு அடியில் உள்பக்கமாகப் பலமுறை ஒட்டப்பட்ட ஒரு படகில் இப்படிப் பார்த்தபோது, நடுவில் பூசிய மாவு நனையவே இல்லை. நீலம் வெளிவந்தது அணியத்து வளையத்தின் போல்ட்டைச் சுற்றி. அங்கே நுழைந்த தண்ணீர்தான் ஏராவின் உள்பள்ளம் வழியாக ஓடி நடுச்சட்டத்தில் முட்டி மேலே வந்திருக்கிறது. அத்தனை ஒட்டும் நல்ல ஒட்டுதான், ஆனால் இடம் தவறு.

மேஸ்திரியை அழைக்க வேண்டிய கட்டம்: ஏராவில் மரம் வெளியே தெரிந்தாலோ, விரிசல் ஒரு சாணுக்கு மேல் நீண்டிருந்தாலோ, விரிசல் ஒரு சட்டத்தைக் கடந்து போனாலோ நீங்களாகத் தொடாதீர்கள். ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் வேலை செய்தவராகப் பார்த்து அழையுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு ஃபைபர் ஒட்டுபவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார். தொட்டி அலையில் மோதுவதில்லை.

அறிகுறி: நின்றால் கசிவதில்லை, ஓடும்போது மட்டும் வருகிறது

முதலில் மேலிருந்து வரும் தண்ணீரைக் கழித்துவிடுங்கள். வேகத்தைக் குறைக்கும்போது பின்னலை பின்பலகையைத் தாண்டி உள்ளே விழுகிறதா என்று ஒருவர் பின்னால் திரும்பி உட்கார்ந்து பார்க்கட்டும். வலை இழுக்கும்போது கூடவே வரும் தண்ணீரும் கணக்கில் சேரும். வலை போடாமல் ஒருமுறை போய்வந்து பாருங்கள்.

அடுத்தது அணியத்தின் உயரமான பகுதிகள். நிற்கும்போது நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் திருகுத்துளைகள், ஓடும்போது அலையில் மூழ்கி எழுகின்றன. விளக்குத் தாங்கி, பெயர்ப்பலகை, டயர் கட்டும் கொக்கி ஆகியவற்றின் திருகுகளைக் கழற்றி, சீலன்ட் வைத்துத் திரும்ப முடுக்குங்கள்.

இவை இரண்டும் இல்லையென்றால், வளையும்போது மட்டும் வாய் திறக்கும் விரிசல் இருக்கிறது. நம் கடற்கரையில் அலைவாயைத் தாண்டும் படகு ஒவ்வொரு முறையும் அணியத்தால் தண்ணீரில் அறைகிறது. அடிப்பகுதி உள்நோக்கி வளைந்து மீள்கிறது. சட்டம் அடிப்பகுதியோடு சேரும் மூலையில்தான் அந்த வளைவு வந்து நிற்கும். அங்கே விரிசல் விடும். மேலே சொன்ன சொட்டு நீலச் சோதனையையே செய்யுங்கள், ஒரு மாற்றத்தோடு: தண்ணீர் உள்ளே இருக்கும்போது, முன்பாதியில் ஒருவர் வெளியிலிருந்து அடிப்பகுதியை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி விடட்டும். அழுத்தும்போது சும்மா இருந்து, விடும்போது ஈரம் காட்டும் கோடுதான் நீங்கள் தேடுவது. அழுத்தினால் அமுங்கும் அளவுக்கு அடிப்பகுதி மெலிந்திருந்தால் சோதனையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இதை வெறும் பூச்சு வேலையால் தீர்க்க முடியாது. விரிசலை அடைத்தாலும் வளைவு அடுத்த அங்குலத்துக்கு நகரும். சட்டத்தின் மூலையை வளைவாக நிரவி, மேட்டும் நெய்த துணியும் மாறி மாறிப் போட்டு விறைப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பட்டறை வேலைதான். செலவு கூடும். அது சரியாகும்வரை அலைவாய் கடக்க வேண்டாம்.

அறிகுறி: வெறும் படகில் கசிவில்லை, சுமை ஏறினால் கசிகிறது

மற்றவற்றோடு ஒப்பிட்டால் இது எளிது. சுமையோடு ஒருமுறை, சுமையில்லாமல் ஒருமுறை பக்கச்சுவரில் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறியுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் உள்ள பட்டையில்தான் துளை இருக்கிறது. வழக்கமான இடங்கள்: மேல்தளமும் பக்கச்சுவரும் சேரும் விளிம்புப் பட்டையின் திருகுகள், தளத்துத் தண்ணீர் வெளியேறும் துளைகள், பக்கத்துப் படகு உரசிய இடம். விளிம்பிணைப்பு ஓரிரு அடி நீளம் வாய்விட்டிருந்தால் நீங்களே எபாக்சி ஏற்றி முடுக்கிவிடலாம். கையால் பிடித்துத் தூக்கும்போது மேல்தளம் தனியாக அசைந்தால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

அறிகுறி: உள்ளே தண்ணீரே இல்லை, ஆனால் படகு கனக்கிறது

இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். கண்ணில் படாத கசிவு இது. கரைக்கு இழுக்க முன்பைவிடக் கூடுதல் ஆள் தேவைப்படுகிறது, எரிபொருள் அதிகம் ஆகிறது, ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது, அலையில் எழும்பத் தாமதிக்கிறது. இப்படிச் சொல்பவர்கள் முதலில் எஞ்சினைத்தான் பார்க்கிறார்கள்.

அமைதியான நீரில் வெறும் படகை நிறுத்தி, நான்கு மூலைகளிலும் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள உயரத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவுள்ள படகு 1 செ.மீ. கூடுதலாக மூழ்கினால் 80 முதல் 100 கிலோ வரை எடை ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். புதுப் படகு வாங்கியவுடன் இந்த அளவை எடுத்து வைப்பது நல்லது. ஒப்பிட அதைப்போல் வேறொன்று கிடைக்காது. அந்த அளவு இல்லையென்றால், அதே அச்சில் வார்த்த வேறொரு படகை அளந்து பாருங்கள்.

அடுத்து, 10 ரூபாய் நாணயத்தால் மிதவை அறையின் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். காய்ந்த இடம் கணீரென்று ஒலிக்கும். நீர் கோத்த இடம் மொத்தையாக ஒலிக்கும். ஒலி மாறும் எல்லையைச் சாக்பீஸால் கோடிழுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ஒரு நேரான கிடைக்கோடாக வரும். அதுதான் உள்ளே உள்ள நீரின் மட்டம்.

உறுதிசெய்ய ஒரே வழி துளை போடுவது. படகு கரையில் இருக்கும்போது அறையின் மிகத் தாழ்ந்த மூலையில் 6 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். வருவது தெளிந்த உப்புநீர் என்றால் துளையோ விரிசலோ புதிது. பழுப்பு நிறம் என்றால் உள்ளே உள்ள மரம் அழுகத் தொடங்கிவிட்டது. காடி வாசம் அடித்தால் ரெசினே தண்ணீரில் சிதைந்துகொண்டிருக்கிறது. அடிப்பகுதியின் வெளிப்புறத்தில் கொப்புளங்கள் இருக்கின்றனவா என்று உடனே பாருங்கள்.

காரணங்களில் மலிவானது அறையின் ஆய்வு மூடி. அதன் ரப்பர் வளையத்தை மாற்றினால் போதும். அடுத்தது, மிதவை அறையின் சுவரில் எதையாவது மாட்டுவதற்காக அடித்த திருகு. ஒரு கொக்கிக்காக மிதவை அறையில் துளை போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எளிதில் புலப்படாத கசிவு என்றால், அறைக்குள் குழாய் வைத்து வாயால் ஊதி, வெளியே சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள். கம்ப்ரசர் காற்றை ஒருபோதும் விடாதீர்கள். சுவர் பிளந்துவிடும்.

உள்ளே இருப்பது தெர்மாகோலா, ஊற்றி நுரைத்த ஃபோமா என்று தெரிந்துகொள்வது அவசியம். தெர்மாகோலின் மணிகளுக்கு இடையில் தண்ணீர் தேங்கும். நன்றாக வடியவிட்டால் ஓரளவு காயும். ஊற்றிய ஃபோம் பல ஆண்டு நீரில் ஊறினால் காயவே காயாது. வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பத்தான் வேண்டும். இன்னொன்று: பாலியெஸ்டர் ரெசினும் அசிட்டோனும் பெட்ரோலும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். தெர்மாகோல் அறையின் சுவரை உள்பக்கமாக பாலியெஸ்டர் ரெசினால் ஒட்டினால், மிதவை இருந்த இடத்தில் வெற்றிடம்தான் மிஞ்சும். அங்கே எபாக்சிதான் பயன்படுத்த வேண்டும். படகின் அடியில் சிந்திய பெட்ரோலை உடனே துடைக்கச் சொல்வதற்கும் நெருப்பு தவிர இது ஒரு காரணம்.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த படகுகளில் இன்றும் ஓடுகிறவை இருபது வயதைத் தாண்டிவிட்டன. அவற்றில் ஒன்றை வைத்திருப்பவர், கசிவு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், மிதவை அறைகளை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 200 லிட்டர் அறை தண்ணீரால் நிரம்பினால், கவிழும் நேரத்தில் உங்களைத் தாங்க வேண்டிய ஏறத்தாழ 200 கிலோ மிதப்பு இல்லாமல் போகிறது. ஃபோமை வெட்டி மாற்றும் வேலையைப் பட்டறையில்தான் செய்ய வேண்டும். அதுவரை அந்தப் படகைக் கடலில் இறக்காதீர்கள்.

அறிகுறி: பின்பலகையில் எஞ்சின் போல்ட்டைச் சுற்றிப் பழுப்பு நீர்

பின்பலகை என்பது ஃபைபருக்குள் பொதிந்த மரம். அவுட்போர்டு மோட்டாரின் அதிர்வில் போல்ட் துளையின் சீலன்ட் விட்டுப்போனால் தண்ணீர் நேராக மரத்துக்குள் இறங்கும். போல்ட்டை முடுக்கும்போது வாஷர் ஃபைபருக்குள் அமிழ்கிறதா? மோட்டாரின் தலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் பின்பலகையின் மேல்விளிம்பு அசைகிறதா? உள்பக்கமாக 3 மி.மீ. துளை ஒன்று போட்டுப் பாருங்கள். வரும் மரத்தூள் காய்ந்து வெளிறியிருந்தால் துளையை எபாக்சியால் அடைத்துவிட்டு, போல்ட்டுகளை மட்டும் கழற்றிச் சீலன்ட் வைத்து மாட்டினால் போதும். தூள் ஈரமாகவும் கறுத்தும் வந்தால், அல்லது விளிம்பு அசைந்தால், இனி சோதனை வேண்டாம். மோட்டாரைக் கழற்றிவிட்டு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். பெரிய போல்ட், பெரிய தகடு என்று சமாளிக்கும் வேலை, மோட்டாரையும் சேர்த்துக் கடலில் விடுவதில்தான் முடியும்.

நீண்ட தண்டுள்ள டீசல் எஞ்சினில் இதே சோதனையை எஞ்சின் உட்காரும் மேடையில் செய்யுங்கள்.

கடலில் இருக்கும்போது கசிவு தெரிந்தால்

வெளிப்பக்கமாக எட்ட முடிந்தால் சலவை சோப்பைப் பிசைந்து விரிசலில் அழுத்துங்கள். துளை என்றால் துணி சுற்றிய மரத்தக்கை. ஈரத்திலும் பிடிக்கும் எபாக்சி புட்டி ஒன்றைக் கருவிப்பெட்டியில் வைத்திருங்கள். சுமையைக் கசிவுக்கு எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். மணிக்கு எத்தனை வாளி என்று ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்கட்டும். எண்ணிக்கை கூடினால் வலை, மீன் எதையும் பார்க்காமல் கரைக்குத் திரும்புங்கள். அலைவாயை நெருங்கும்முன் எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்க வேண்டும்.

அறிகுறி: ஒட்டிய இடமே மறுபடி கசிகிறது

நுழையும் இடம் சரியாகப் பிடிக்கப்பட்டிருந்தும் ஒட்டு நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் உப்பும் ஈரமும்தான் காரணம். ஃபைபருக்குள் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, பல நாள் காயவிட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க, ஒட்டப்போகும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

அடுத்த காரணம், சரிவாகத் தேய்க்காமல் விரிசலின் மேலேயே ஒட்டுவது. ஃபைபரின் கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு வேண்டும். 6 மி.மீ. கனம் என்றால் விரிசலின் இரு பக்கமும் ஏறத்தாழ 7 செ.மீ. பெயின்டும் ஜெல்கோட்டும் முழுக்கப் போய், பளபளப்பில்லாத வெளிறிய நார் தெரியும்வரை தேய்க்க வேண்டும். மூக்குக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். அசிட்டோனால் துடைத்தபின் அந்த இடத்தைக் கையால் தொடக்கூடாது.

பழைய ஃபைபரின் மேல் எபாக்சி பாலியெஸ்டரைவிட இறுக்கமாகப் பிடிக்கும். விலை கூடுதல்தான். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள சிறு ஒட்டுக்கு அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கலாம் என்பேன். ஆனால் அதன்மேல் வழக்கமான ஜெல்கோட் சரியாக இறுகாது. பெயின்ட்தான் அடிக்க வேண்டும். பாலியெஸ்டர்தான் என்றால், சென்னை வெயிலில் ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரின் அளவைக் கவனியுங்கள். நூறு பங்கு ரெசினுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு. சித்திரை, வைகாசியில் ஒன்றை ஒட்டியே இருங்கள், இல்லையென்றால் மேட் நனையும்முன் ரெசின் கட்டியாகிவிடும். காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகு தொடங்கி, வெயில் ஏறும்முன் முடித்துவிடுவது நல்லது. இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சலரேட்டர் தனியாக வந்திருந்தால் அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன்பிறகே ஹார்ட்னரைச் சேருங்கள். அவை இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். இரண்டு பாட்டில்களையும் ஒரே பையில்கூட வைக்காதீர்கள்.

பட்டறைக்குக் கொண்டுபோவதாக இருந்தால் பங்குனியிலேயே பேசிவைத்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது என்றாலும், அவையெல்லாம் அப்போதுதான் பழுதுபார்ப்புக்கு வரும். காசிமேட்டில் நல்ல மேஸ்திரி அந்த நாள்களில் கிடைப்பது அரிது.

ஒட்டு இறுகியதும் பெயின்ட் அடிக்கும்முன் சொட்டு நீலச் சோதனையை அதே இடத்தில் திரும்பச் செய்யுங்கள். மாவு வெள்ளையாகவே நின்றால் படகை நீரில் இறக்கி, துணி வரப்பும் தினத்தாளும் போட்டு ஓர் இரவு கட்டி வையுங்கள். விடிந்ததும் தாள் காய்ந்திருந்தால் படகைத் திரும்பக் கரையேற்றிக் காயவிட்டுப் பெயின்ட் அடிக்கலாம். வேறொரு பாத்தியில் தாள் நனைந்திருந்தால் இன்னொரு துளை இருக்கிறது. எடையை அணியத்துக்கு நகர்த்தும் சோதனையிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.